எடிட் பண்ணிட்டு அனுப்புறேன்

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமியைத் தரிசிக்கக் கிழக்கு வாசலில் நுழைந்தவர்கள் அதே வழியாகத் திரும்பக் கூடாது என்பது ஐதீகம். வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மகத்தி உள்ளே வர முடியாமல் கீழ வாசலிலேயே காத்துக் கிடக்க, அரசன் மேல வாசல் வழியாகத் தப்பிவிட்டானாம். தோஷ நிவர்த்திக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் எந்த வாசல் வழியாகப் போனாலும் கூடவே வருகிற தோஷம் ஒன்று உண்டு. அது கேமரா. பிடித்தவரை ஊர் ‘கேமரா சார்’ என்று கூப்பிடும்.

கேமரா சார் தொழில்முறைப் புகைப்படக்காரர் இல்லை. அப்படி இருந்தால் முன்பணம் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பான், படம் வந்துவிடும். இவர் ஆர்வலர். காலையில் ஒரு வேலை, மாலையில் கழுத்தில் ஒரு பட்டை. கேமராவின் நெற்றியில் இருக்கும் கம்பெனிப் பெயரைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருப்பார், திருடன் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். அது என்ன கேமரா என்று அஞ்சு நிமிஷத்துக்குள் யாரும் கேட்காவிட்டால் அவரே சொல்லிவிடுவார், விலையோடு.

அவருடைய அப்பாவிடம் ஒரு ஆக்பா கிளிக் 3 இருந்தது. ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம். அந்தப் பன்னிரண்டுக்குள் பெண் பார்த்தது, கல்யாணம், தலைப் பிரசவம் எல்லாவற்றையும் அடக்கி, கும்பகோணத்தில் கழுவி வாங்கி, மூலைக்கு மூலை பசை தடவி ஆல்பத்தில் ஒட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார் அந்த மனிதர். மகனிடம் ஒரு ஆடி வெள்ளிக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் படம் இருக்கிறது. ஆல்பம் கிடையாது.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் ஊரே வடிகாலைப் பற்றிக் கவலைப்படும். இவர் பூஞ்சையைப் பற்றிக் கவலைப்படுவார். காற்றில் ஈரம் அறுபது சதவீதத்தைத் தாண்டிவிட்டால் லென்ஸின் உள் கண்ணாடியில் வெள்ளை நூல் ஓடத் தொடங்கிவிடும். காவிரிக் கரையில் அறுபதைத் தாண்டாத நாளுக்கு எங்கே போவது? எனவே லென்ஸ்கள் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் மெத்தையில் படுத்திருக்கின்றன. நீலமாக இருக்கும் அந்த மணிகள் ஈரத்தைக் குடித்துக் குடித்து ரோஸ் நிறமாகும். வறுத்தால் மறுபடி நீலமாகும். எதில் வறுப்பது? வீட்டில் நல்ல இரும்பு வாணலி ஒன்று இருந்தது. இப்போது அது கேமராச் சாமான்.

“ரவையை இப்படி ஒரு நாள் வறுத்திருப்பீங்களா?” என்று அம்மணி கேட்டதற்கு, “கிளறாதே, நிறம் மாறுதான்னு பாத்துக்கிட்டிருக்கேன்” என்று பதில் வந்தது.

ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால், விடியும் முன்பே வரப்பில் நிற்பார். முக்காலியின் ஒரு கால் சேற்றில் இறங்கிக்கொண்டே இருக்கும். நிலத்துக்காரரிடம் சென்சாரைப் பற்றிப் பாடம் நடக்கும்: “உள்ள நாலு நாலு கட்டமா இருக்குங்க. ஒரு கட்டம் செவப்பு, ஒண்ணு நீலம், மிச்சம் ரெண்டும் பச்சை. கோடாக் கம்பெனியில பிரைஸ் பேயர்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது, 1976ல பேட்டன்ட் கெடச்சுது. மனுஷக் கண்ணுக்குப் பச்சை வெளிச்சம்தான் நல்லாப் பிடிபடும், அதனால பச்சைக்கு ரெட்டைப் பங்கு.”

“அப்ப நம்ம பக்கம் வந்து பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கான்” என்றார் நிலத்துக்காரர், மனநிறைவோடு.

அதற்குள் நடவுக்காரப் பெண்கள் அந்தப் பாத்தியை முடித்துவிட்டு இடுப்பை நிமிர்த்தினார்கள். சார் அப்போதுதான் அகலக் கோண லென்ஸைக் கழற்றிவிட்டு நீள லென்ஸை மாட்டியிருந்தார். “குனிஞ்சே இருங்கம்மா, ஒரே நிமிஷம்!” என்று கத்தினார். முதல் வரிசையில் இருந்த அம்மாள் நாற்று முடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, “குனியறதுக்குக் கூலி அவரு குடுக்கறாரு. குனிஞ்சே இருக்கறதுக்கு நீங்க எவ்வளவு குடுப்பீங்க?” என்றாள்.

பக்கத்துத் திருபுவனத்துக்கும் அவருடைய சேவை உண்டு. அங்கே நெய்கிற பட்டுப் புடவைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த பிறகு நெசவுக்காரர் ஒருவர், வெளியூருக்கு அனுப்பப் புடவையைப் படமெடுத்துத் தரச் சொன்னார். தறி நூலின் நெருக்கமும் சென்சார் கட்டங்களின் நெருக்கமும் மோதிக்கொண்டால் படத்தில் இல்லாத அலைகள் ஓடும். மொய்ரே என்று பெயர். சார் திரையைப் பெருமையோடு காட்டினார். நெசவுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். “இந்த டிசைன் நாங்க போடலீங்களே.”

தைப்பூசத் தேர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேர் அசைந்தபோது சார் தெருவிளக்கின் மஞ்சளுக்கு ஒயிட் பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியபோது கெல்வின் கணக்குச் சரியாக இருந்தது, தேர் அடுத்த வீதியில் இருந்தது. எதிர்வீட்டுப் பையன் செல்போனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தான். அது தானாகவே நாலைந்து படமெடுத்து, வெளிச்சமானதில் நிழலையும் நிழலானதில் வெளிச்சத்தையும் சேர்த்து ஒன்றாக்கிக் கொடுத்தது. தேர் நிலைக்கு வருமுன் அந்தப் படத்தைச் சிங்கப்பூரில் பார்த்து ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சார் மட்டும், “பெருசாக்கிப் பாரு, இலையெல்லாம் களிமண்ணா இருக்கும்” என்றார். உண்மைதான், இருந்தது. யாரும் பெரிதாக்கவில்லை.

அவருக்கு ஒரு குலதெய்வம் உண்டு. சென்னை மாகாண அரசுக்குப் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை அடி அடியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர். பனோரமா என்ற பட்டன் இல்லாத காலம். மெழுகு தடவிய காகித நெகட்டிவ். எனக்கும் டிரைப் மேல் மரியாதைதான். ஆனால் சார் அவரிடம் கற்றுக்கொண்டது கல்வெட்டுப் பொறுமையை அல்ல. அந்தக் கால நெகட்டிவில் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும் என்பதால், டிரைப் சில நெகட்டிவ்களில் கையாலேயே மேகம் தீட்டினார். இதைத்தான் கற்றுக்கொண்டார். “அவரே செஞ்சிருக்காரு!” என்பது அன்றிலிருந்து சாரின் வேதவாக்கு. டிரைப் தூரிகையால் செய்ததை இன்று ஃபோட்டோஷாப் ஒரு சொடுக்கில் செய்கிறது.

அதனால் நேர்ந்தது இது. புரட்டாசி வெயிலில் குறுவை அறுவடைக்குப் பழுத்து நின்றது. சார் அந்த வயலை எடுத்து, வானம் சப்பென்று இருக்கிறதே என்று கருமேகம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, வாழ்நாளில் அபூர்வமாக அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் நிலத்துக்காரருக்குச் சென்னையிலிருந்து மகன் பேசினான். “அப்பா, மிஷின் வந்துட்டுதா? கொள்முதல் நிலையத்துல கொட்டி வச்சிருக்கற நெல்லுக்குத் தார்ப்பாய் போட்டாச்சா? ஈரப்பதம் 17க்கு மேல போனா எடுக்க மாட்டான்!” பெரியவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் பிள்ளை படித்தவன் ஆயிற்றே என்று தார்ப்பாய் வாடகைக்கு எடுத்தார். வாடகையைத் தருவதாகச் சார் சொல்லியிருக்கிறார். எடிட் முடிந்ததும்.

எல்லாக் கதையும் அங்கேதான் வந்து நிற்கும். வளைகாப்புக்கு எடுத்த படம் அந்தக் குழந்தையின் காதுகுத்துக்கும் வந்து சேரவில்லை. கேட்டால் கோபிக்க மாட்டார், விளக்கம் தருவார். எடுத்தது ராவ் ஃபைல், அப்படியே கொடுக்க முடியாது, அதைப் பக்குவம் செய்ய வேண்டும், மானிட்டரில் சிவப்பு சற்றுத் தூக்கல், அதைச் சரிபார்க்கும் கருவி வரவேண்டும், மழை முடியட்டும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிஜிட்டல் கேமராவின் பூர்வீகத்தை எடுத்துவிட்டார். 1975இல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் கேமரா, மூன்றரைக் கிலோவுக்கு மேல் எடை, பத்தாயிரம் புள்ளிகள்தான், கறுப்பு வெள்ளை. “ஒரு படம் கேசட்டுல பதியவே 23 விநாடி ஆகுமாம்!” என்று சிரித்தார்.

ரசத்தை ஊற்றிக்கொண்டே அம்மணி சொன்னாள்: “தேவலையே. நம்ம கிரகப்பிரவேசப் படம் இன்னும் வரலை.”

மேல வீதியில் ஒரு பாட்டி இருக்கிறாள். தான் கண்ணை மூடிய பிறகு மாலை போட்டு மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று சாரைக் கூப்பிட்டனுப்பினாள். அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்தார். ஒரு பக்கம் தெர்மோகோல் அட்டையைப் பிடிக்கச் சொல்லி முகச் சுருக்கங்களுக்குள் வெளிச்சத்தைத் திருப்பினார். மூக்குத்தியில் ஒரு மினுக்கு விழும் வரை காத்திருந்து எடுத்தார். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள்.

எத்தனையோ தீபாவளி போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் போனால் திண்ணையிலிருந்து குரல் வரும்.

“ஏம்ப்பா, என் படம்?”

“எடிட் பண்ணிட்டு அனுப்புறேன் பாட்டி.”

“மெதுவா அனுப்பு. அது வராம நான் எங்க போறது?”

சளி, இடுப்பு வலி, ஒரு ஆஸ்பத்திரி வாசம் எல்லாவற்றையும் தாண்டி அவள் திண்ணையில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறாள். விஷயம் மெல்லப் பரவிவிட்டது. ஆயுள் வேண்டித் திருக்கடையூருக்குப் போகக் காலில் தெம்பில்லாத பெரியவர்கள் இப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, சார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். படம் எப்போது கிடைக்கும் என்று ஒருவரும் கேட்பதில்லை.