மடிக்கணினியா, முதுகுக்கணினியா?

கேள்வி: மகள் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். இரண்டரைக் கிலோ கேமிங் லெப்டொப் இல்லாமல் கம்பஸில் காலம் தள்ள முடியாது என்கிறார் கடைக்காரர். அவள் கேட்பதோ 1.3 கிலோவில் மெல்லிய ஒன்று. யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தந்தை, புசல்லாவை

பதில்: சுமக்கப்போகிறவர் சொல்வதை. கடைக்காரரின் வேலை பில் போடுவதோடு சரி. புசல்லாவை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவதும், மகாவலிக்கு மேலே அக்பர் பாலத்தில் குடையும் பையுமாக நடப்பதும் உங்கள் மகள்தான். பெட்டியில் 2.5 கிலோ என்று அச்சடித்திருப்பார்கள். செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் கூட வருமே, அது அந்தக் கணக்கில் இல்லை. இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் மூன்று கிலோவைத் தாண்டும். மூன்று கிலோ சீனியைத் தினமும் கம்பஸுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரச் சொல்வீர்களா?

இன்னொன்று. அங்கே முதல் வருடம் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். சிவிலா, மெக்கானிக்கலா, கொம்பியூட்டரா என்று துறை பிரிவது அதற்குப் பிறகுதான். இன்னும் கிடைக்காத துறைக்கு இப்போதே ஏன் மெஷின் வாங்க வேண்டும்? மெல்லியதையே வாங்குங்கள். ஆனால் விண்டோஸ் இருக்கட்டும், 16 ஜிபி ரேம் இருக்கட்டும். ஆப்பிள் அழகுதான், சொலிட்வேர்க்ஸ் மாதிரி வரைகலை மென்பொருள் அதில் நேரடியாக ஓடாது. நாளைக்குக் கனமான வேலை வந்தால் கம்பஸில் லேப் இருக்கிறது.

கேள்வி: கேமிங் லெப்டொப் படிப்புக்குத்தான் என்று அம்மாவை எப்படி நம்பவைப்பது?
– ஏ.எல். மாணவன், கட்டுகஸ்தோட்டை

பதில்: கஷ்டம் தம்பி. நள்ளிரவில் அதன் விசிறி போடும் சத்தம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏ.எல். விடைத்தாளை இன்னும் பேனாவால்தான் எழுதுகிறார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

கேள்வி: வயரைக் கழற்றியதும் என் பெரிய லெப்டொப் சோர்ந்துபோகிறதே, பழுதா?
– மாணவர், அக்குறணை

பதில்: பழுதில்லை, கணக்கு. விமானத்தில் தாராளமாகக் கொண்டுபோகும் பெட்டரிக்கு 100 வாட்-மணி என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதனால் எவ்வளவு பெரிய லெப்டொப்பானாலும் கம்பனிகள் அந்த எல்லைக்குள்தான் பெட்டரி வைக்கின்றன. முழு வேகத்தில் 180 வாட் குடிக்கிற மெஷினுக்கு 90 வாட்-மணி பெட்டரி அரை மணி நேரம்கூடத் தாங்குமா? அதனால்தான் வயர் போனதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கண்டியில் இது சின்ன விஷயமில்லை. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரமானால் ஹந்தானைப் பக்கம் இடி உருளத் தொடங்கும். சார்ஜர் கருகாமலிருக்க வயரைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய நிமிடம், இரட்டிப்புக் காசு கொடுத்து வாங்கிய வேகமும் வயரோடு போய்விடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மெல்லிய லெப்டொப் வைத்திருந்தவர்கள்தான் ஓரளவு தப்பினார்கள்.

கேள்வி: மெல்லியதில் குறையே இல்லையா? ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே!
– ஆசிரியை, கம்பளை

பதில்: இருக்கிறது டீச்சர், பட்டவன் சொல்கிறேன். 8 ஜிபியில் ஒன்று வாங்கிவிட்டு, பிறகு ரேம் கூட்டலாம் என்று ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். திறந்து பார்த்தவர் பெருமூச்சு விட்டு மூடினார். ரேமைப் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள், மாற்றவே முடியாதாம். பெருமூச்சுக்கும் பில் வந்தது. மெல்லியது வாங்குகிறவர்கள் ரேமை மட்டும் முதல் நாளே முழுதாக வாங்கிவிட வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கனமானதை யார்தான் வாங்குவது?
– வாசகர், பேராதனை

பதில்: வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைகலை என்று தினமும் பிழிந்தெடுப்பவர்கள். அதுவும் போர்டிங் அறைக்கும் வகுப்புக்கும் நடுவே நாலெட்டு தூரம் என்றால் தாராளமாக வாங்கலாம். அறையை விட்டு அது வெளியே வரவே போவதில்லை என்றால் அதே காசுக்கு மேசைக் கொம்பியூட்டர் இன்னும் வேகமாக ஓடும்.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லாம் இதைவிடக் கனமாமே?
– மாணவி, வத்தேகமை

பதில்: 1981இல் வந்த ஒஸ்போர்ன் 1 கிட்டத்தட்ட 11 கிலோ. திரை 5 அங்குலம். பெட்டரி கிடையாது. அதற்குப் பெயர், கையில் எடுத்துச் செல்லும் கொம்பியூட்டர். யாருடைய கை என்று சொல்லவில்லை.

கேள்வி: வீட்டில் இரண்டு பிள்ளைகள். வாங்க முடிந்தது ஒரு லெப்டொப். எது நல்லது?
– ஒரு தாய், தெல்தெனிய

பதில்: மெல்லியதுதான். பறித்துக்கொண்டு ஓடும்போது கைதவறினாலும் கால் விரல் தப்பும்.