வெயில் பார்த்து மாவு ஆட்டுகிற வீடு

2012-இல் கோவையில் கரண்ட் எப்போது போகும் என்பதைவிட எப்போது வரும் என்பதுதான் எங்கள் தெருவுக்கு முக்கியம். ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசிய மாதங்களில் காற்றாலைகள் ஓரளவு தாங்கின. ஐப்பசியில் காற்று படுத்துக்கொண்டதும் லேத் பட்டறைகளும் விசைத்தறிகளும் நின்றுபோயின. கூலி இழந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள்.

"கரண்டு வந்துருச்சு கண்ணு, மோட்டாரைப் போடு" என்று அம்மா குரல் கொடுப்பார். அதே நொடியில் தெருவே மோட்டாரைப் போடும். வோல்டேஜ் சரிய, ட்யூப் லைட் கண் சிமிட்டும். வீட்டுக்கு வீடு இருந்த இன்வெர்ட்டர்களும் அப்போதுதான் ஒன்றாக சார்ஜ் ஏறத் தொடங்கும். அப்பா வாங்கியது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ட்யூபுலர் பேட்டரி. முழுதாக நிறைந்தால் 1.8 யூனிட். லெட்-ஆசிட் பேட்டரியில் ஏற்றுகிற மின்சாரத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு திரும்பி வராது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க நாங்கள் வாங்கிய பெட்டிகளே தட்டுப்பாட்டைக் கொஞ்சம் கூட்டின. இதை அன்று யாரும் பேசவில்லை. புழுக்கத்தில் குழந்தை அழும் வீட்டில் பேச முடியாதுதான்.

அதே ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 35 டாலருக்கு வெளிவந்தது. அடுத்த ஆண்டு, வீட்டுச் சாதனங்களைத் தானாக இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டற்ற மென்பொருள் பிறந்தது. இன்று எங்கள் வீட்டு மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடுவது இந்த இரண்டும் சேர்ந்த சர்வர்தான். இணையம் அறுந்தாலும் அது வேலை செய்யும். வீட்டுக் கணக்கு எதுவும் வெளியே போவதில்லை. இந்த இரண்டு நிபந்தனையும் நிறைவேறாத எந்த ஆட்டோமேஷனையும் நான் வீட்டுக்குள் விடமாட்டேன். சர்வர் செத்தாலும் சுவிட்சைக் கையால் போட முடிய வேண்டும் என்பது மூன்றாவது.

வீட்டு சர்வர் என்றதும் பலர் பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பை இறக்குகிறார்கள். சும்மா இருக்கும்போதே 70 வாட் இழுக்கும் பெட்டி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 100 யூனிட் தின்னும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டும் அதற்கே சரி. 5 வாட் கணினிக்கு அதே காலத்தில் 7 யூனிட் போதும். சோலார் பேனல் வாங்க விரும்பும் நண்பர்களிடம், முதலில் எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கும் கருவியை வாங்கச் சொல்கிறேன். பேனல் பிறகு.

எங்கள் மாடியில் இருப்பது 3 கிலோவாட். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் இந்த அளவுக்கு மானியம் 78,000 ரூபாய். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை தரும். சித்திரையில்தான் அதிகம் வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.4 சதவீதம் வரை குறையும். மாடி வெப்பத்தில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மாசி மாதத்தின் தெளிந்த, காற்றோடும் பகல் அதைவிட அதிகம் தந்துவிடும்.

உற்பத்தி 1.5 கிலோவாட்டைத் தாண்டி நிலைத்து, தொட்டியில் தண்ணீரும் குறைந்திருந்தால், சர்வர் தானே மோட்டாரைப் போடுகிறது. கிரைண்டர் மட்டும் அம்மாவின் கையில். "வெயில் நல்லா இருக்குது கண்ணு, மாவை ஆட்டிப்போடறேன்" என்கிறார். திரையில் கோடு உச்சிக்கு ஏறுவதும் அந்த நேரத்தில்தான். அன்று கரண்ட்டின் நேரத்துக்கு வீடு வளைந்தது. இன்று சொந்தமாக உற்பத்தி செய்தும் வெயிலின் நேரத்துக்கு வளைகிறது. எனக்கு இதில் வருத்தமே இல்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து செலவழிக்கிற பழக்கம் இருட்டுக் காலத்தில் வந்தது. இன்றைக்கும் அதுதான் உதவுகிறது.

விசித்திரம் இன்னொன்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் தெருவில் மின்சாரத்தை நிறுத்துவது காலை 9 மணிக்கு, வெயில் ஏறும் நேரம். மாடி முழுக்க வெயில் கொட்டும், வீட்டில் கரண்ட் இருக்காது. வெளி லைனோடு இணைந்த சோலார் இன்வெர்ட்டர், லைன் செத்ததும் இரண்டு நொடிக்குள் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் மீது எங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான விதி இது. சரியான விதி. அதை ஏமாற்றிப் பேனலை ஓட்ட வழி கேட்பவர்களுக்கு நான் ஒருபோதும் உதவுவதில்லை.

நேர்வழி ஒன்று உண்டு: லைன் போனதும் வீட்டைத் தெருவிலிருந்து துண்டித்துவிட்டு உள்ளே மட்டும் ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். அதோடு 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி. அதில் 5 யூனிட் தங்கும். விலையைச் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவங்க கம்பத்துல வேலை செய்யறப்பவும் கிரைண்டர் ஓடுமா?"

ஓடும். அது 150 வாட்தான். அவர்களுக்கும் ஆபத்தில்லை.