நூறு ரூபாய் வெட்டு

தன் தொகுதிச் சாலைக்குப் பணம் போதவில்லை என்று சட்டமன்றத்தில் முறையிட விரும்பும் எதிர்க்கட்சி உறுப்பினர், சாலைக்குப் பொறுப்பான துறை செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுப்பார். கூட்டிக் கேட்க வழியில்லை. அரசமைப்பின் 203ஆம் பிரிவுப்படி பேரவை மானியத்தை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம்; உயர்த்த முடியாது. ஆகவே குறையைச் சொல்லக் குறைக்கச் சொல்கிறார். இது தெரியாத ஊர்க்காரர், 'நம்ம காசையே வெட்டச் சொல்லிட்டாரே' என்று கொதித்தால் அவர்மேல் தப்பில்லை.

இந்த நடைமுறையெல்லாம் வக்கீல்களுக்கும் பேரவைச் செயலகத்துக்கும் உரியது, சாலை கேட்டு மனு கொடுப்பவருக்கு எதற்கு என்பார்கள். மனு எழுதத் தேவையில்லைதான். எப்போது நீட்டுவது என்று தெரியத் தேவை. அவையில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வைத்து, விவாதம் முடிந்து, குரல் வாக்கெடுப்பில் மானியம் நிறைவேறிய மறுநாள் ஊர்வலமாகப் போய்க் கொடுக்கும் மனு, பந்தி முடிந்தபின் வரும் விருந்தாளி. புகைப்படம் மட்டும் நன்றாக விழும்.

வெட்டுத் தீர்மானம் எப்படியும் தோற்குமே என்றும் கேட்கலாம். தோற்கும்தான், தவறி வென்றால் அந்த நூறு ரூபாய்க்கு அரசே ஆட்டம் கண்டுவிடும். ஆனால் விவாதத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறும், அமைச்சரும் பதில் சொல்ல நேரலாம். தமிழகப் பேரவையின் 110ஆவது விதியில் அந்தத் தொல்லையும் இல்லை: அமைச்சர் அறிக்கை வாசிப்பார், அப்போது யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மேசையைத் தட்டத் தடையில்லை.