சுவருக்கும் ஒரு பட்டை

தமிழ்நாட்டில் சுவருக்குப் பட்டை அடிப்பது கோயிலின் உரிமை. வெள்ளையும் செங்காவியும் மாறி மாறி நிற்கும் மதிலைக் கண்டால், உள்ளே யார் குடியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. செருப்பை எங்கே விடுவது என்றுதான் பார்ப்பார்கள். அந்த உரிமையை எங்கள் வீட்டு ஹாலுக்கும் வாங்கித் தருவதென்று என் மனைவி தீர்மானித்தபோது, முதலில் தள்ளுபடியான நிறம் காவி. தெருவில் போகிறவர் யாராவது உள்ளே வந்து சூடம் கொளுத்திவிட்டால்? ஆகவே வெள்ளைச் சுவரில் இளஞ்சாம்பல் பட்டை என்று முடிவாயிற்று.

நிறம் முடிந்தது, திசை முடியவில்லை. சாம்பல் என்று காதில் விழுந்ததுமே அப்பாவின் முகம் மலர்ந்தது. "குறுக்கால போடு. திருநீறு பூசினாப்ல லட்சணமா இருக்கும்" என்றார். என் மாமியார் ஸ்ரீரங்கத்துக்காரர். சம்பந்தி பேச்சை நேரே மறுக்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. சுவரைப் பார்த்தபடியே, "மேலேர்ந்து கீழே வந்தாத்தான் மாப்பிள்ளை, பார்க்க நன்னா இருக்கும்" என்றார். சைவ வைணவச் சண்டை ஓய்ந்துவிட்டதாக நினைக்கிறவர்கள் கூட்டுக் குடும்பத்தில் பெயின்ட் அடித்ததில்லை.

நடுவர் வேண்டுமே என்று மனைவி கைப்பேசியில் இத்தாலியின் சியெனா கதீட்ரலைக் காட்டினாள். உள்ளே தூணும் சுவரும் கறுப்பும் வெள்ளையுமான பளிங்கு அடுக்குகள். எல்லாம் குறுக்கே ஓடுகின்றன. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "பாத்தியா, அங்கயும் சைவந்தான்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டேன். நெடுக்குப் பட்டை அறையை உயர்த்திக் காட்டும், குறுக்குப் பட்டை அகலமாக்கிக் காட்டும் என்பது அலங்கார நிபுணர்களின் வேதம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867-லேயே இதற்கு நேர்மாறாக எழுதி வைத்திருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், குறுக்குக்கோடு நிரப்பியது உயரமாகத் தெரிகிறது. நெடுக்குக்கோடு நிரப்பியது அகலமாகத் தெரிகிறது. இதைச் சபையில் விளக்கினேன். விளைவு, "உயரம் வேணும்னா குறுக்கால" என்று அப்பாவும், "ஹால் அகலமாத் தெரியணுமே" என்று மாமியாரும் முன்னைவிடத் திடமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

கடைசியில் நெடுக்கு ஜெயித்தது. மனைவி ஜெயித்தாள் என்பதே உண்மை; மாமியார் பெருமாள் ஜெயித்ததாகச் சொல்கிறார். அப்பா மட்டும், "பட்டை நாமம்னு முடிவாயிட்டுல்லா, இனி எஸ்டிமேட் வாங்குங்க" என்றார்.

பெயின்டர் வந்தார். 10 அடிச் சுவர், 8 அங்குலப் பட்டை, மொத்தம் 15. ஒற்றைப்படையாக வந்தால்தான் இரண்டு மூலையிலும் ஒரே நிறம் நிற்குமாம். அதில் 8 பட்டை ஏற்கெனவே இருக்கிற வெள்ளை. அடிக்க வேண்டியது 7தான். கூலி மட்டும் 15-க்கும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அடிக்கிறதுக்கு என்ன சார் பெரிய காசு? அடிக்காம விடுறதுக்குத்தான் கூலி" என்றார்.

தூக்குக்குண்டு தொங்கியது. வீட்டின் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. கீழே 10 அடி இருந்த சுவர், மேலே 2 அங்குலம் குறைச்சல். வெறும் வெள்ளையாக இருந்தவரை இந்தக் கோணல் யார் கண்ணிலும் படவில்லை. குண்டு காட்டுகிறபடியே கோடு இழுத்தால், கடைசிப் பட்டை கீழே 8, மேலே 6 என்று ஆப்பு அடித்த மாதிரி நிற்கும். வீட்டைக் கிட்ட நின்று கட்டிய அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சுவர்லாம் சரியாத்தான் இருக்கு. குண்டுதான் கோணலாத் தொங்குது" என்றார். புவியீர்ப்பு விசைமேல் அவருக்கு அதுவரை புகார் இருந்ததில்லை.

பெயின்டர் அசரவில்லை. அவர்கள் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். 2 அங்குலம் 16 நூல். 15 பட்டைக்கும் தலைக்கு ஒரு நூல் என்று மேல்பக்கத்தில் ஒல்லியாக்கினார். மிச்சம் ஒரு நூலைத் திரைச்சீலை மறைக்கும் மூலையில் தள்ளினார். "ஒருத்தர் தலையில போட்டா தெரியும் சார். எல்லார் தலையிலயும் போட்டா யாருக்கும் தெரியாது." நிதியமைச்சர்கள் மறைமுக வரி போடுவதும் இந்த நூல் கணக்கில்தான்.

பிறகு மாஸ்கிங் டேப் ஒட்டினார். சாம்பல் டப்பாவைத் திறப்பார் என்று பார்த்தால், பழைய வெள்ளையையே டேப் ஓரமாக ஒரு கை ஓட்டினார். டேப்புக்கு அடியில் கசிவது வெள்ளையாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். பின்னால் வரும் சாம்பல் உள்ளே நுழைய முடியாது. கடைசிச் சாம்பல் பூச்சின் ஈரம் காய்வதற்குள் டேப்பை மடக்கி மெல்ல உரித்தார். காயவிட்டால் பெயின்ட்டும் தோலாக உரிந்து கூடவே வருமாம். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. அடிக்காமல் விட்டதற்குக் கேட்ட கூலி நியாயம்தான்.

பில் வந்ததும் அவருடைய தத்துவத்தை நானும் கையாண்டேன். திசையைப் பற்றி அபிப்பிராயம் சொன்ன அத்தனை பேர் தலையிலும் தொகையைச் சமமாகப் பிரித்தேன். சுவரில் பலித்த கணக்கு மனிதர்களிடம் பலிக்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. குறுக்காகப் போட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றார் அப்பா. பெருமாள் பார்த்துப்பார் என்றார் மாமியார்.

அடுத்ததாகப் படுக்கையறைக்கு எந்தத் திசையில் பட்டை போடலாம் என்று மனைவி கேட்டாள். சைவமும் வைணவமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்: "வெள்ளையே அழகு."