ஜப்பான் மாமா

முள்ளிவாய்க்காலில் எஞ்சின் வைத்திருப்பவர்கள் பலர். எஞ்சினைப் பற்றிக் கதைப்பவர் ஒருவர்தான். அவரிடம் படகு இல்லை, வலை இல்லை, கடலுக்குப் போனதைக் கண்டவரும் இல்லை. ஆனாலும் ஊரில் எவன் எதை வாங்கினாலும் அதை ஒருமுறை அவர் கையில் கொடுத்து எடுக்காவிட்டால் வாங்கியதாகவே கணக்கில்லை. நல்ல சாமானுக்கு அவர் வைத்திருக்கும் ஒரே சொல் "ஜப்பான்". அதனால் பெயரும் அப்படியே ஒட்டிவிட்டது.

மாமாவின் சோதனை பாரம் பார்ப்பதில் தொடங்கும். பாரமில்லாத சாமான் சாமானே இல்லை என்பது அவருடைய கட்சி. பிறகு கவிழ்ப்பார். அடியில் எங்கே செய்தது என்று ஒட்டியிருக்கும் லேபலின் மூலையை, அதற்கென்றே வளர்த்த சுண்டுவிரல் நகத்தால் மெல்லக் கிளப்புவார். கிளம்பினால் சீனா. கிளம்பாவிட்டால், "சீனன் இப்ப நல்லா ஒட்டப் பழகிட்டான்." கடைசியில் மோந்து பார்ப்பார். ரோச் லைற்றை மோந்து என்னத்தைக் கண்டுபிடிக்கிறார் என்று கேட்க இன்னும் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே கிடக்கிற ஊர். கதை எங்கே தொடங்கினாலும் எஞ்சினில்தான் வந்து நிற்கும். யமஹாவா சுசுகியா என்ற வழக்கில் மாமாவுக்கு வந்த சோதனை, இரண்டும் ஜப்பான் என்பது. நீண்ட யோசனைக்குப் பிறகு தீர்ப்புச் சொன்னார்: "யமஹா அசல் ஜப்பான். சுசுகி மற்ற ஜப்பான்." தோஹற்சு என்று ஒன்று இருக்கிறது, அதுவும் ஜப்பான்தான் என்று எவனோ சொன்ன அன்று பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

கடலுக்குப் போகிறவனின் கணக்கு வேறு. பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற எஞ்சின் அது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே பாய்ச்சலில் 340 ரூபாய் ஆனபோது, கரையில் எல்லாரும் கேட்டது மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் குடிக்கும் என்றுதான். பிளக்கில் கரி பிடித்து நடுக்கடலில் நின்றால் கழற்றித் துடைத்துப் போட எவ்வளவு நேரம்? பார்ட்ஸ் முல்லைத்தீவு ரவுனில் கிடைக்குமா, கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டுமா? மாமா இவற்றையெல்லாம் சில்லறைக் கதை என்று தள்ளிவிடுவார். 2009இல் ஊரே எல்லாவற்றையும் இழந்து, பிறகு மீளக் குடியேறிய காலத்தில் நிறுவனங்கள் கொடுத்த எஞ்சினை எவரும் மார்க் பார்த்து வாங்கவில்லை. மாமா மட்டும் வரிசைக்குப் பக்கத்தில் நின்று, அடுத்தவனுக்குக் கொடுத்ததைக் கவிழ்த்துப் பார்த்தார்.

அவருடைய புகழ் கடல் கடந்தது கனடாவிலிருக்கும் மருமகனால். அவன் மான் வேட்டைக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறானாம். துவக்கின் மேல் பூட்டுகிற தூரக்கண்ணாடி மூன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அழைப்பும் எடுத்தான். மாமா தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தபடி, ஊருக்கே கேட்கப் போனின் சத்தத்தைக் கூட்டினார்.

"எதடா ஜப்பான்?"

"லியூபோல்ட் அமெரிக்கன் மாமா. புஷ்னெல்லும் அமெரிக்கன் பேர்தான். வோர்ட்டெக்ஸிலை விலை கூடினது சிலதை ஜப்பானிலை செய்யிறாங்கள், மலிவானதைச் சீனாவிலை."

ஒரே மார்க்குக்குள் ஜப்பானும் சீனாவும்! மாமாவின் சுண்டுவிரல் தானாகவே போன் திரையைச் சுரண்டத் தொடங்கியது.

"அப்ப நிக்கன் எடு."

"நிக்கன் துவக்குக் கண்ணாடி செய்யிறதை 2019ஓடை கைவிட்டிட்டான் மாமா."

"பாத்தியே! நல்ல சாமான் செய்யிறவன் நிண்டுபிடிக்கமாட்டான்."

பெட்டியில் 3-9×40 என்று போட்டிருந்தது. மாமா மனக்கணக்காகப் பெருக்கினார். "ஒன்பது நாப்பது முந்நூற்றறுபது. காணும் காணும்." மருமகன் பொறுமைசாலி. மூன்று மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை கிட்டவாகக் காட்டும், 40 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில் என்று விளக்கினான். பட்டப்பகலில் மலிவானதும் விலையானதும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியுமாம். கொடுத்த காசு தெரிவது கருக்கலில், வில்லைக்குப் பூசிய பூச்சில். மற்றது, வெடியின் உதைப்பில் குறி அசையாமல் நிற்பதில். வோர்ட்டெக்ஸ்காரன் உடைந்தால் ஆயுள் முழுக்கத் திருத்தித் தருவானாம்.

"ஆரின்ரை ஆயுள்? உன்ரையா, கண்ணாடியின்ரையா, கொம்பனியின்ரையா?"

மாமா வாழ்நாளில் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான் என்பேன். உத்தரவாதத்தை நம்பி எதை வாங்குகிறவரும் கேட்கவேண்டியது.

வாங்கில் இருந்த மற்றவர்கள் அவ்வளவு நேரமும் வாயே திறக்கவில்லை. முள்ளிவாய்க்காலில் அந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்தவர் எவரும் கதைக்கமாட்டார். மாமாவுக்குத் தெரியாது. அதனால்தான் அவரால் அத்தனை சத்தமாகக் கதைக்க முடிகிறது.

மருமகன் கடைசியில் நடுத்தர விலையில் ஒன்றை வாங்கினான். அது தான் தெரிந்துகொடுத்தது என்று மாமா வட்டுவாகல் பாலம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார், லுமாலா சைக்கிளில் போய். அந்தச் சைக்கிள் இலங்கையில் செய்தது. அதன் லேபலில் நகம் பட்ட அடையாளமே இல்லை.

எஞ்சின் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எதை வாங்குவது என்று அதே எஞ்சினை இரண்டு மூன்று வருடம் ஓட்டியவனிடம் கேளுங்கள். மீன் விற்றுமுடிந்த நேரமாய்ப் பார்த்துப் போனால் உண்மையைச் சொல்வான். ஆனால் கடைக்குப் போகும்போது ஜப்பான் மாமாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்றாவது எஞ்சினை அவர் மோந்து பார்க்கத் தொடங்கும்போதே முதலாளி விலையைக் குறைத்துவிடுவார்.