முத்துக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை

ஆகஸ்ட் 5ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்து பாருங்கள். பனிமய மாதா திருவிழா. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும், கூட்டம் முழுக்க ஆளுக்கொரு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பனிமாதாவைக் கும்பிட்டு நிற்கும். ரோமாபுரியில் ஒரு குன்றின் மேல் கோடைக்காலத்தில் பனி கொட்டியதாம். அந்த அற்புதத்தின் பெயரில் வந்தவள் இந்த மாதா. எங்கள் ஊரில் குன்றும் கிடையாது, பனியும் கிடையாது. ஐஸ் கம்பெனியிலிருந்து மீன்பெட்டிக்குப் போகும் பாளம்தான் எங்களுக்குத் தெரிந்த பனி.

மலை வேண்டுமென்றால் உப்பளத்துக்குப் போகவேண்டும். வரப்போரம் வெள்ளை வெளேரென்று அம்பாரம் அம்பாரமாய்க் கிடக்கும். மழைக்காலம் வந்தால் அந்த மலைக்குக் கூரை போட்டு மூடிவிடுவோம். இமயமலைக்கு அந்தக் கவனிப்பு உண்டா?

நிஜமான மேடு பள்ளமெல்லாம் எங்களுக்குக் கடலுக்கு அடியில்தான். அதற்குப் பெயர் பார். பாறைத்திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, எல்லை உண்டு. பட்டா மட்டும்தான் இல்லை. அங்கே குடியிருப்பது முத்துச்சிப்பி. ஒரு வருஷம் ஜமக்காளம் விரித்த மாதிரி கிடக்கும். அடுத்த வருஷம் போனால் காலி. எங்கே போச்சு, ஏன் போச்சு, ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போகாது. இப்படிப்பட்ட குடிமக்களை நம்பித்தான் இரண்டாயிரம் வருஷமாக ஆளாளுக்கு இங்கே ராஜாங்கம் நடத்தினார்கள்.

முதலில் பாண்டியர். கொற்கை அவர்கள் துறைமுகம். கைதிகளை வைத்து முத்துக் குளித்தார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்க மாலுமிக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஜெயிலுக்குச் செலவும் இல்லை, கூலியும் இல்லை, கணக்குத் தெரிந்த ராஜா. ஆனால் தாமிரபரணிக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை. அது பாட்டுக்கு வண்டல் கொண்டுவந்து கொட்டியது. கடல் பின்வாங்கியது. கொற்கைக்குப் போய் டீக்கடையில் “துறைமுகம் எங்கே அண்ணாச்சி?” என்றேன். வயக்காட்டுப் பக்கம் கையைக் காட்டி, “அது போயி ரொம்ப நாளாச்சு” என்றார். ஏதோ நேற்று மத்தியானம் பஸ் ஏறிப் போனதுபோல.

துறைமுகம் காயலுக்கு நகர்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ வந்தார். வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, இந்த ஊரில் தையல்காரனே இல்லை என்பது. ராஜா உட்பட எல்லோரும் இடுப்புத் துணியோடு திரிந்தால் தையல்காரன் எதற்கு? ராஜா மேல் துணிதான் குறைவு, முத்துக்கும் மாணிக்கத்துக்கும் குறைச்சலே இல்லை. குளித்தெடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அரபுக் குதிரைகளில் போட்டார் ராஜா. வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கின. இறங்கிய குதிரைகளுக்கு நம்மவர்கள் சோறும் கறியும் ஆக்கிப் போட்டார்களாம். விருந்தோம்பல்! குதிரைகள் செத்தன. மறு வருஷம் மறுபடி கப்பல், மறுபடி முத்து, மறுபடி பிரியாணி. லாடம் கட்டத் தெரிந்தவனையோ வைத்தியனையோ குதிரை வியாபாரிகள் இந்தப் பக்கம் விடவே இல்லை என்று போலோ குறித்திருக்கிறார். இந்தக் கதையிலேயே புத்திசாலிகள் அவர்கள்தான்.

இல்லை, இன்னொருவன் இருக்கிறான். கடல்கட்டி. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவன். அவன் கரையில் நின்று முணுமுணுக்காமல் ஒரு ஆளும் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு குதிக்கமாட்டான். சுறா வரவில்லை என்றால் மந்திரம் பலித்தது. போலோ காலத்தில் அவனுக்கு இருபதில் ஒரு பங்கு. ராஜாவுக்குக் கிடைத்ததில் சரிபாதி, ஒரு தடவைகூட நனையாமல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரையில், இலங்கை முத்துக்குளிப்பில், வெள்ளைக்கார சர்க்காரே அவனைச் சம்பளப் பட்டியலில் வைத்திருந்தது. பகுத்தறிவெல்லாம் லண்டனில். குளியாள் குதிக்கமாட்டேன் என்றால் துரை என்ன செய்வார்?

பதினாறாம் நூற்றாண்டில் முத்துச்சலாப உரிமைக்கு, அதாவது முத்துக் குளிக்கும் உரிமைக்கு, சண்டை மூண்டது. அடிபட்டுக் கிடந்த பரதவருக்கு, அதாவது முத்துக் குளிக்கும் எங்கள் கடற்கரை மக்களுக்கு, யோசனை சொன்னவர் யார் என்கிறீர்கள்? மறுபடியும் ஒரு குதிரை வியாபாரி. ஜோவாம் தா க்ரூஸ் என்ற பெயரில் லிஸ்பனிலேயே ஞானஸ்நானம் வாங்கியிருந்த மலையாளத்து ஆள். கொச்சியில் இருக்கும் போர்த்துக்கீசியரைப் பிடியுங்கள் என்றார். கப்பற்படை வந்தது, கூடவே பாதிரியாரும் வந்தார். 1535 தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் கடற்கரையே வேதத்தில் சேர்ந்தது. எதில் சேர்ந்தோம் என்று சொல்லித்தர ஆளில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழ் தெரியாது. செபங்களை மொழிபெயர்க்க வைத்து மனப்பாடம் செய்துகொண்டு, மணியடித்தபடி ஊர் ஊராய் நடந்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கையே ஓய்ந்துவிட்டது என்று கடிதம் எழுதினார். கொஞ்ச நாள் கழித்துத்தான் ஒரு விஷயம் தெரிந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்திருக்கிறது. ஜனங்கள் பக்தியாகக் கைகூப்பி, பிதா வேணும், சுதன் வேணும் என்று மார்க்கெட்டில் சாமான் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாற்றிச் சொல்லிக்கொடு என்று 1544இல் கூட்டாளி மான்சிலாசுக்கு எழுதினார். எனக்கென்னவோ முதல் மொழிபெயர்ப்பில்தான் நேர்மை கூடுதலாகத் தெரிகிறது.

1658இல் டச்சுக்காரர் ஊரைப் பிடித்தார்கள். பால்தேயுஸ் என்ற அவர்கள் போதகர், மாதாவையும் சுரூபங்களையும் விட்டு எங்கள் சபைக்கு வாருங்கள் என்று பரதவரிடம் பேசிப் பார்த்தார். இவர்கள் அசையவில்லை. சிப்பிகளும் அவர் பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. 1825இல் ஊர் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தது. அவன் எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் ஏற்றினான். பார் பார்க்க ஒரு படகு, மாதிரிச் சிப்பியை அறுத்து முத்தை எடைபோட ஒரு கமிட்டி, மதிப்புத் தேறினால் அறிவிப்பு. பல வருஷங்கள் அறிவிப்புக்கே வேலை வரவில்லை. வந்த வருஷத்தில் சர்க்காருக்கு இரண்டு பங்கு, மூச்சடக்கினவனுக்கு ஒரு பங்கு. வெறும் மணலில் ஒரே வாரத்தில் ஒரு பட்டணம் முளைக்கும். கச்சேரி, ஆஸ்பத்திரி, சாராயக்கடை, ஏலக்கொட்டகை. ஏலம் எடுத்தவன் சிப்பியைக் கொட்டிலில் குவித்து அழுகவிடுவான். சதையை ஈயும் புழுவும் தின்று தீர்த்த பிறகு கழுவி எடுத்தால்தான் முத்து. அரசிகள் கழுத்தில் மின்னினது எல்லாம் அந்த நாற்றத்திலிருந்து வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஏலம் கேட்ட செட்டியாரும் மரைக்காயரும் பாவம்.

1961 சலாபத்தோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு சிப்பிகள் கூட்டமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வராதவனுக்காகக் காத்திருந்து என்ன பயன் என்று, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்கு ஆபரேஷனே செய்துவிட்டார்கள். கே. அழகர்சாமி குழுவினர் உள்ளே ஒரு மணியை வைத்து, இன்னொரு சிப்பியின் சதைத்துண்டையும் ஒட்டி, 1973இல் உருண்டை முத்து எடுத்தார்கள். சுறாவுமில்லை, கடல்கட்டியுமில்லை.

போன மாசம் வெளியூர் விருந்தாளி ஒருத்தர், முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய கையோடு, முத்துமாலை வாங்கவேண்டும் என்றார். ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன்.

“நம்ம ஊர் முத்தா?”

“இல்ல அண்ணாச்சி, ஹைதராபாத் சரக்கு.”

“அங்க ஏதுடே கடலு?”

கடைப்பையன் ஒரு நிமிஷம் யோசித்தான். “அது தெரியல அண்ணாச்சி. பில்லு போட்டுரவா?”