நின்ற தண்ணீர் நிற்குமா?

குளத்தில் தண்ணீர் 'நிற்கிறது' என்கிறோம். பிறகு கரையோரம் நீந்தினால் ஏன் இழுக்கிறது?
— ஒரு வாசகர், பூதப்பாண்டி

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது தண்ணீர் மட்டும் நிற்குமா? ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி வீசும் மேல்காற்று, குளத்தின் மேற்பரப்புத் தண்ணீரைக் கிழக்குக் கரைக்குத் தள்ளும். பாசியும் தாமரைச் சருகும் அங்கேதான் ஒதுங்கும். வந்த தண்ணீர் போக வழியில்லாமல் அடிவழியே மேற்கே திரும்பும். அமெரிக்கா–கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியில் புயற்காற்று ஒரு கரையில் 2 மீட்டருக்கு மேல் தண்ணீரை ஏற்றிவிடும். காற்று ஓய்ந்ததும் ஏரியே தொட்டில்போல ஆடும்.

ஒன்று மட்டும்: மடை திறந்திருக்கும் நாளில் பிள்ளைகளை அந்தப் பக்கம் குளிக்க விடாதீர்கள். மேலே இலை அசையாது. அடியில் ஆளையே இழுக்கும்.